பிதுரார்ச்சிதமாக வரும் பழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

சிறுமியரின் கோலாட்டத்திற்கும் இளைஞர்களின் நாடகத்திற்கும் இடையே எம்மை நிறுத்தி, அரைமணி நேரம் இலக்கியம் பேசுமாறு சங்கத்தார் பணித்திருக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரிய இந்நாளில் கொலையையும் பழியையும் பற்றி யாம் பேச எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு கூடியிருக்கும் அவையிலேதான் இப்பொருளைப் பேசவேண்டும் என்பது எம் எண்ணம். ஏன் என்பது பேச்சின் போக்கில் விளங்கும்.

யாம் பேசப்போவது ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகம். ஏறத்தாழ 1600-ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பெற்று, 1603-இல் முதன்முதல் அச்சேறிய நாடகம் அது. பழிவாங்கும் துன்பியல் நாடகங்களுள் தலைசிறந்தது என்று உலகம் போற்றுவது. அதனோடு நம் கண்ணகியையும், நம் மேடை கண்ட மனோகரனையும் ஒருங்கே வைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

இந்நகரமும் அந்நாடகமும்

நாம் குடியேறி வாழும் இக்கொல்கத்தா, இந்திய நாட்டில் ஷேக்ஸ்பியருக்கு முதன்முதல் கதவு திறந்த நகரங்களுள் ஒன்று. 1817-இல் தோன்றிய ஹிந்துக் கல்லூரியின் மாணவர்கள் அவர் நாடகங்களை உணர்ந்து ஓதினர். 1848-இல், பார்க் தெருவில் இருந்த சான் சூசி அரங்கில், ஆங்கிலேய நடிகர்களுக்கு நடுவே பைஷ்ணவ சரண் ஆட்டி என்ற வங்காள இளைஞர் ஒதெல்லோவாகத் தோன்றி ஊரையே வியக்க வைத்தார். அவ்வரங்கம் நின்ற இடத்திலேதான் இன்று புனித சேவியர் கல்லூரி நிற்கிறது. 1893-இல் கிரீஷ் சந்திர கோஷ் 'மாக்பெத்'தை வங்க மொழியில் மேடையேற்றினார். 1897-இல் அமரேந்திரநாத தத்தர் நடத்திய கிளாஸிக் தியேட்டரில், ஹாம்லெட்டின் கதையைத் தழுவி நகேந்திரநாத சௌதுரி எழுதிய 'ஹரிராஜ்' நடிக்கப்பெற்றது. அண்மையில், 2016-இல், அதே கதை 'ஹேமந்த்' என்ற வங்காளத் திரைப்படமாயிற்று. டென்மார்க்கு நாட்டு இளவரசன் இந்நகரத்தில் நூறாண்டுக்கு மேலாகக் குடியிருந்து வருகிறான் என்று சொன்னால் மிகையாகாது. நம்மைப்போல் அவனும் வெளியூரிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவன்!

நம் சென்னையும் பின்தங்கவில்லை. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியாரும் அவர் நண்பர்களும் சுகுண விலாச சபையை நிறுவினர். கூத்தாடுவது குலத்திற்கு இழுக்கு என்று கருதப்பட்ட அக்காலத்தில், வழக்கறிஞர்களும் பட்டதாரிகளும் அரிதாரம் பூசி மேடையேறியது ஒரு புரட்சியே ஆகும். முதலியார் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் சிலவற்றைத் தமிழாக்கினார். 'வெனிஸ் வணிகன்' அவர் கையில் 'வாணீபுர வணிகன்' ஆயிற்று. 'ஹாம்லெட்' 'அமலாதித்யன்' ஆயிற்று. அவர் தம் இளமையிலேயே சொந்தமாக எழுதிய 'மனோகரன்' தமிழ்நாடெங்கும் பன்முறை நடிக்கப்பெற்று, 1954-இல் கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலோடும் சிவாஜி கணேசன், கண்ணாம்பா ஆகியோரின் நடிப்போடும் 'மனோகரா' என்னும் திரைப்படமாக வந்தது. இங்கிருக்கும் பெரியோர் பலர் அதன் வசனங்களை மனப்பாடமாகவே ஒப்பிப்பார்கள்.

அமலாதித்யனும் மனோகரனும் ஒரே ஆசிரியர் தமிழுக்குத் தந்த இரண்டு இளவரசர்கள். இருவர்க்கும் இழைக்கப்பட்டது பெருங்கொடுமை. ஒருவன் பிணக்குவியலின் நடுவே மாய்கிறான். மற்றவன் தப்பிப் பிழைத்து நாட்டைக் காக்கிறான். இருவர்க்கும் உள்ள வேறுபாடு என்ன? அதுவே நம் ஆராய்ச்சி.

கதைச் சுருக்கம்

கதையை அறியாத மாணவர்களுக்காகச் சில சொற்களில் கூறுவோம். டென்மார்க்கு மன்னன் இறக்கிறான். அவன் தம்பி கிளாடியஸ் அரியணை ஏறுகிறான். இரண்டு மாதங்கூட முடியாமுன் அண்ணன் மனைவியையே மணந்துகொள்கிறான். வெளியூரில் கல்வி பயின்ற மகன் ஹாம்லெட், தந்தையின் சாவுக்கு வந்தவன், தாயின் மணவிழாவையும் காண்கிறான். ஒரு நள்ளிரவில் தந்தையின் ஆவி அவன்முன் தோன்றுகிறது. தோட்டத்தில் துயின்ற தன் காதில் தம்பியே நஞ்சை ஊற்றிக் கொன்றான் என்று கூறுகிறது. மகனே, இதற்குப் பழிவாங்கு என்று ஆணையிடுகிறது. தாயை மட்டும் ஒன்றும் செய்யாதே, அவளை இறைவனிடம் விட்டுவிடு என்றும் சொல்கிறது.

அன்றிலிருந்து மகன் பித்தன்போல் நடிக்கிறான், ஆராய்கிறான், ஐயுறுகிறான், காலம் தாழ்த்துகிறான். இறுதியில் எட்டு உயிர்கள் பலியாகின்றன. அந்த எட்டில் குற்றவாளியின் உயிர் ஒன்றே ஒன்று. அவன் காதலி ஒபீலியா, அவள் தந்தை, அவள் தமையன், உடன் பயின்ற தோழர் இருவர், பெற்ற தாய், இறுதியில் ஹாம்லெட் தானும் என்று ஏழு பேர், அந்த ஒருவன் செய்த குற்றத்திற்காக மடிகின்றனர். ஒரு கடனுக்கு ஏழு மடங்கு வட்டி கட்டிய கணக்கு இது.

ஏன் தயங்கினான்?

கொன்றவன் இன்னான் என்று தெரிந்த பின்னும் ஹாம்லெட் ஏன் தயங்கினான் என்னும் கேள்விக்கு விடைகூறாத அறிஞர் இல்லை. ஜெர்மானியப் பெருங்கவிஞர் கெதே, பூச்செடி வைக்கும் மெல்லிய சாடியில் பெருமரத்தை நட்டால் வேர் பருக்கும்போது சாடி உடைவதைப் போன்றது அவன் நிலை என்றார். கோல்ரிட்ஜ், எண்ணம் மிகுந்ததால் செயல் குன்றியது என்றார். 1900-இல் பிராய்டு என்னும் உளநூல் அறிஞர், ஒவ்வோர் ஆண்மகவின் அடிமனத்திலும் குழந்தைப் பருவத்தில் ஒளிந்திருந்த விருப்பத்தையே சிற்றப்பன் நிறைவேற்றிவிட்டான், ஆகவே அவனைத் தண்டிக்க ஹாம்லெட்டின் கை எழவில்லை என்றார். 1904-இல் பிராட்லி, தாயின் செயலால் உலகமே கசந்துபோன ஒரு சோர்வு நோயே காரணம் என்றார்.

இவர்கள் கூறியவற்றில் உண்மை உண்டு. ஆயினும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு, இவற்றிற்கெல்லாம் முற்பட்ட ஒரு காரணம் எளிதிற் புலப்படுகிறது. ஹாம்லெட் தன் தந்தைக்காக அழுது தீர்க்கவில்லை, அவனை அழவிடவில்லை.

நம் வீட்டில் ஒருவர் இறந்தால் என்ன செய்கிறோம்? ஊரார் கூடுகின்றனர். பெண்கள் ஒப்பாரி வைக்கின்றனர். பதினாறாம் நாள் காரியம் வரை வீடு துக்கத்திற்கே உரியது. ஆண்டு திரும்பும்வரை மங்கல நிகழ்ச்சிகளை ஒதுக்கி வைக்கும் வழக்கமும் உண்டு. இவையெல்லாம் இறந்தவரின் நற்கதிக்காக என்று நூல்கள் கூறும். இருப்பவரின் மனநலத்திற்கும் இவையே மருந்து என்பதை அனுபவம் கூறும். கண்ணீருக்கு ஒரு காலம், ஒரு வரம்பு, உடனிருந்து அழ ஒரு கூட்டம் ஆகிய மூன்றையும் நம் முன்னோர் அமைத்துக் கொடுத்தனர்.

டென்மார்க்கு அரண்மனையில் இந்த மூன்றும் மறுக்கப்படுகின்றன. தந்தையை இழந்தவன் கறுப்பு உடை உடுத்தி நிற்கிறான். அரசனும் அரசியும் அவனை நோக்கி, எல்லாத் தந்தையரும் இறப்பவர்தாமே, இன்னும் என்ன அழுகை என்று கடிந்துகொள்கின்றனர். இழவு வீட்டு உணவே மணப்பந்திக்கும் ஆயிற்று என்று அவன் மனங்கசந்து பேசுகிறான். வெளியே வர வழியின்றி உள்ளே தேங்கிய துயரம் அழுகி நஞ்சாகிறது. அந்த நிலத்தில்தான் ஆவி வந்து பழி என்னும் விதையை ஊன்றுகிறது.

இதே நாடகத்தில் இன்னொரு மகனும் இருக்கிறான், அவனையும் பாருங்கள். ஹாம்லெட்டின் வாளுக்குத் தவறி இரையான பொலோனியஸின் மகன் லேயர்ட்டீஸ், அயல்நாட்டிலிருந்து வெறிகொண்டு திரும்புகிறான். அவனை எரியச் செய்வது தந்தையின் கொலை மட்டும் அன்று. உரிய சடங்கின்றி, சிறப்பின்றி, மறைவாக அவரைப் புதைத்தார்களே என்பதும் அவன் நெஞ்சைச் சுடுகிறது. பின்னர் அவன் தங்கை ஒபீலியா பித்தேறி நீரில் மூழ்கி இறக்கிறாள். அவளுக்கும் குறைச் சடங்கே நடக்கிறது. அவளது குழியிலேயே இரண்டு இளைஞரும் கட்டிப் புரள்கின்றனர். இறுதிக் கடன் குறைவுபட்ட இடத்திலெல்லாம் பழி முளைப்பதை ஆசிரியர் மும்முறை காட்டியிருக்கிறார். இது தற்செயலாக அமைந்ததென்று யாம் கருதவில்லை.

அன்பர்களே! இங்கே நம்மைப்பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தந்தி என்ற ஒன்று இருந்த காலத்தை மூத்தோர் அறிவர். ஊரில் தந்தை இறந்தார் என்ற செய்தி வரும். ஹௌராவில் மெயில் ஏறிச் சென்னை சேர்ந்து, மீண்டும் வண்டி மாறி ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முகம் பார்க்கக் கொடுத்துவைக்காத பிள்ளைகள் நம்முள் எத்தனை பேர்! அந்த ஆற்றாமை எங்கே போகிறது? பல குடும்பங்களில் அது உடன்பிறந்தோர்மேல் சினமாக மாறுகிறது. முன்பே ஏன் சொல்லவில்லை, மருத்துவம் சரியாகப் பார்த்தாயா, கடைசியில் கையெழுத்து எதில் வாங்கினாய் என்று தொடங்கி, பத்து சென்ட் நிலத்தில் வந்து நிற்கிறது. பங்காளிப் பகை என்று ஊர் அதற்குப் பெயர் வைக்கிறது. அதன் வேரில் அழுது தீராத ஒரு துயரம் இருப்பதை யாரும் காண்பதில்லை.

பழி நெஞ்சை என்ன செய்கிறது?

பழிவாங்குவோன் நீதியைத்தான் நாடுகிறேன் என்றே தொடங்குவான். ஹாம்லெட்டும் அப்படித்தான் தொடங்கினான். அந்த ஆவி தந்தைதானா, தந்தையின் வடிவில் வந்த பேயா என்று ஐயுற்றது அவனது மனச்சான்றின் சிறப்பு. கேள்விப்பட்டதை நம்பி ஒருவனைக் கொல்லலாகாது என்று எண்ணி, கொலையை ஒத்த காட்சி ஒன்றை நடிகரைக்கொண்டு அரசன்முன் நடிக்கச் செய்கிறான். அரசன் பதறி எழுகிறான். ஐயம் தீர்ந்தது.

அதன்பின் வரும் காட்சியே நாடகத்தின் உயிர்நிலை. அரசன் தனியே மண்டியிட்டு வழிபட முயல்கிறான். பின்னால் ஹாம்லெட் உருவிய வாளோடு நிற்கிறான். ஒரே வீச்சில் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அவன் வாளை உறையில் இடுகிறான். இரக்கத்தாலா? இல்லை. வழிபடும்போது கொன்றால் இவன் உயிர் நற்கதி அடைந்துவிடும். பாவம் செய்யும் வேளை பார்த்துக் கொன்று நரகத்திற்கே அனுப்புவேன் என்கிறான்! நீதி தேடியவன், உடலைத் தண்டிப்பது போதாது, உயிரையும் என்றென்றும் வதைக்கவேண்டும் என்று கருதும் நிலைக்கு வந்துவிட்டான். தண்டிக்கும் உரிமை இறைவனிடமிருந்தே பறிக்கப்படுகிறது. பழி வளர்ந்து நீதியின் எல்லையைத் தாண்டிய இடம் இதுவே.

அடுத்த காட்சியில், திரைக்குப் பின்னால் நிற்பவன் அரசன் என்று எண்ணிக் குத்துகிறான். இறந்தவர் பொலோனியஸ். ஒரு தந்தையின் கொலைக்குப் பழிவாங்க வந்தவன் இன்னொரு தந்தையைக் கொன்றவன் ஆனான். ஹாம்லெட்டுக்குக் கிளாடியஸ் எப்படியோ, லேயர்ட்டீஸுக்கு ஹாம்லெட் அப்படி. தான் வெறுத்தவனின் இடத்திலே தானே போய் நிற்கிறான். பழியின் கொடுமைகளுள் தலையாயது இது.

லேயர்ட்டீஸ் ஐயுறுவதில்லை, ஆராய்வதில்லை. கோவிலுக்குள்ளேயே கழுத்தை அறுப்பேன் என்கிறான். அந்த வேகத்தைக் கண்ட கிளாடியஸ் அவனைத் தன் கருவியாக்கிக்கொள்கிறான். சினங்கொண்டவனைப் பிறர் ஆட்டிவைப்பது எளிது. தயங்கியவனும் அழிந்தான், தயங்காதவனும் அழிந்தான். ஆகவே தயக்கமே கேட்டுக்குக் காரணம் என்று கூறுவது பொருந்துமா?

இனி மூன்றாம் மகன். நார்வே நாட்டு இளவரசன் போர்ட்டின்பிராஸின் தந்தையை ஹாம்லெட்டின் தந்தை தனிப்போரில் கொன்றிருந்தான், நிலத்தையும் கைக்கொண்டான். அவனும் படைதிரட்டிப் பழிவாங்கக் கிளம்புகிறான். ஆனால் அவனது முதிய சிற்றப்பன் அழைத்துக் கடிந்துகொள்கிறான். இளைஞன் பணிகிறான், இனி டென்மார்க்கின்மீது படை எடுப்பதில்லை என்று வாக்களிக்கிறான். நாடகம் முடியும்போது ஹாம்லெட்டும் லேயர்ட்டீஸும் ஒருவரையொருவர் மன்னித்தபடி இறந்து கிடக்கின்றனர். அரியணை யாருக்குப் போகிறது? பழியைக் கைவிட்ட அந்தப் போர்ட்டின்பிராஸுக்கே போகிறது. அவன் குற்றமற்ற சான்றோன் என்று ஆசிரியர் சொல்லவில்லை. ஒரு துண்டு நிலத்துக்காக ஆயிரக்கணக்கானோரைப் போலந்துப் போருக்கு நடத்திச் செல்பவனே அவன். ஆயினும் மூன்று மகன்களுள், தடுத்துச் சொல்ல ஒரு பெரியவர் வாய்த்தவன் அவன் ஒருவனே. உயிரோடு எஞ்சியவனும் அவனே.

நீதி கேட்ட நங்கை

கண்ணகியும் பழிவாங்கியவள்தானே என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் இரண்டு கதைகளுக்கும் உள்ள வேற்றுமையை நோக்குங்கள்.

கண்ணகி இருளில் பதுங்கிச் செல்லவில்லை. பட்டப்பகலில், வாயிற்காவலன் வழியாகச் செய்தி சொல்லி, அரசவையில் நின்று வழக்குரைத்தாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து. அவள் சிலம்பில் மாணிக்கம். மறுக்க முடியாத சான்று. பாண்டியன் நெடுஞ்செழியன் அதைக் கண்ட அக்கணமே தன் குற்றத்தை ஏற்றான், உயிரையே விட்டான். கிளாடியஸோ மண்டியிட்டும் மனந்திருந்த இயலாதவன். கொலையால் பெற்ற முடியையும் மனைவியையும் வைத்துக்கொண்டே மன்னிப்பு வேண்டினால் கிடைக்குமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, விடை தெரிந்தும் முடியை விடாதவன். ஹாம்லெட் எந்த அவைக்குப் போவான்? குற்றவாளியே நடுவராக அமர்ந்திருக்கும் நாட்டில் வழக்குரைக்க இடமில்லை. நீதிமன்றம் மூடிய இடத்தில் பழி தலையெடுக்கும் என்ற அரசியல் உண்மையும் இதில் அடங்கியிருக்கிறது.

ஆனால் சிலப்பதிகாரம் கண்ணகியின் சீற்றத்தோடு நின்றுவிடவில்லை. மதுரையை எரித்தபோதும் அறவோர், முதியோர், குழந்தைகள் முதலியோரை விட்டுவிடுமாறு அவள் தீக்கடவுளுக்கு ஆணையிட்டாள். பின்னர் வஞ்சிக் காண்டத்தில் தெய்வமாகத் தோன்றி, பாண்டியன் குற்றமற்றவன் என்றும், தான் அவனுடைய மகள் என்றும் கூறுகிறாள்! கணவனைக் கொல்வித்தவனைத் தந்தை என்று ஏற்கும் இந்த உயரத்திற்கு உலக இலக்கியத்தில் ஒப்புமை காண்பது அரிது. இளங்கோவடிகளின் துறவுள்ளம் இங்கே வெளிப்படுகிறது.

அந்நூலே இன்னொரு செய்தியையும் மறைக்காமல் கூறுகிறது. அடுத்துப் பட்டம் ஏறிய வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சீற்றத்தைத் தணிப்பதாக எண்ணி, ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். கண்ணகி அதைக் கேட்கவில்லை. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சத்திற்கு அத்தொழில் செய்த குற்றமற்ற ஆயிரம் பேர்! எரித்தவள் மன்னித்துவிட்டாள், அவள் பெயரால் பின்வந்தவன் மன்னிக்கவில்லை. பழி இப்படித்தான் தனக்கு உரிமையில்லாத கைகளுக்கு மாறிக்கொண்டே போகிறது.

தடுத்த தாயும் தூண்டிய தந்தையும்

மனோகரனுக்கு வருவோம். அரசன் புருஷோத்தமன், வசந்தசேனையின் மையலில் மூழ்கி, பட்டத்தரசி பத்மாவதியைத் தள்ளிவைக்கிறான். வீரனாகிய மகனின் இரத்தம் கொதிக்கிறது. வாளை உருவ அவனுக்கு ஒரு நொடி போதும். ஆனால் தாய்க்குக் கொடுத்த வாக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்கிறது. அவமானத்தின்மேல் அவமானம். விலங்கு பூட்டி அவையில் நிறுத்தப்படுகிறான். இரும்புச் சங்கிலியினும் வலியது தாயின் சொற்சங்கிலி. பொறுமைக்கு ஓர் எல்லை வந்தபோது, அந்தத் தாயே அவனை விடுவிக்கிறாள், அவன் எழுகிறான்.

இக்காட்சியில் திரையரங்குகளில் கைதட்டல் எழுந்தது, சங்கிலி அறும் இடத்தில்தான். ஆனால் ஆழ்ந்து நோக்கினால், மனோகரனைக் காத்தது அச்சங்கிலி அறும்வரை தாங்கிய காலமே ஆகும். அக்காலத்தில் குற்றம் வெளிப்பட்டது. யார் பகைவர், யார் பேதையர் என்பது பிரிந்து தெரிந்தது. சினம் தணிந்து கடமை எஞ்சியது. எழுந்தபோது அவன் தன் தந்தையைக் கொல்ல எழவில்லை. தாயையும் நாட்டையும் காக்க எழுந்தான்.

இப்போது இரண்டு இளவரசர்களையும் அருகருகே நிறுத்துங்கள். அமலாதித்யனாகிய ஹாம்லெட்டிடம் தந்தையின் ஆவி வந்து, கொல் என்றது. மனோகரனிடம் தாய், பொறு என்றாள். தந்தை தன் பகையை மகன் தலையில் ஏற்றினார். தாய் தன் பகையை மகன் தலையில் ஏற்ற மறுத்தாள். அவமானப்பட்டவள் அவள், வஞ்சம் தீர்க்கும் முதல் உரிமையும் அவளுடையதே. அவ்வுரிமையை மகனுக்கு அவள் எழுதிவைக்கவில்லை. ஒருவன் மாண்டதற்கும் மற்றவன் பிழைத்ததற்கும் காரணம், அவரவர் நெஞ்சுரத்தில் இருந்ததைவிட, பெற்றோர் விட்டுச்சென்ற சொல்லில் இருந்தது என்பதே எம் முடிபு.

பாரதத்திலும் இவ்வுண்மை உண்டு. வஞ்சனையால் கொல்லப்பட்ட துரோணரின் மகன் அசுவத்தாமன், பதினெட்டாம் நாள் போர் முடிந்த இரவில் பாசறையில் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் மைந்தர் ஐவரையும் கொன்றான். வியாச பாரதத்தில் திரௌபதி முதலில் அவன் உயிரையே கேட்கிறாள். மைந்தரை இழந்த தாய் வேறென்ன கேட்பாள்? பாகவதமோ இக்காட்சியை வேறுவிதமாகக் காட்டுகிறது. அருச்சுனன் அசுவத்தாமனைக் கயிற்றால் கட்டி இழுத்துவந்து அவள்முன் நிறுத்துகிறான். அவள் சொல்கிறாள்: இவனை அவிழ்த்து விடுங்கள்; இவனைப் பெற்ற கிருபி உயிரோடு இருக்கிறாள்; பிள்ளைகளை இழந்து யான் அழுவதுபோல் அவளும் அழவேண்டா. ஐந்து பிணங்களின் நடுவே நின்று, பகைவனின் தாயை நினைக்க முடிந்தது அந்தத் தாய்க்கு! அருச்சுனன் அவன் முடியைக் களைந்து, நெற்றி மணியைப் பறித்துத் துரத்தினான். குற்றத்திற்குத் தண்டனை கிடைத்தது. பழியின் சங்கிலி அங்கே அறுந்தது.

நாம் எதை விட்டுச் செல்கிறோம்?

பொறுமை என்றதும் கோழைத்தனம் என்று கொள்ளவேண்டா. தீங்கு செய்தவனைக் கேள்வி கேட்கவேண்டாம் என்று யாம் கூறவில்லை. கண்ணகி கேட்டாள், பத்மாவதியும் இறுதியில் எழுந்தாள். கேட்கவேண்டியதை அவையில், வெளிச்சத்தில், சான்றோடு கேட்கவேண்டும். கேட்டு முடித்தபின் அதைச் சுமந்து திரியலாகாது. பகைவனைத் தண்டித்தவர்க்கு ஒருநாள் மகிழ்ச்சியே உண்டு, பொறுத்தவர்க்கு உலகம் உள்ளளவும் புகழ் உண்டு என்னும் கருத்தை வள்ளுவர் நமக்கு என்றோ வழங்கிச் சென்றார். அது கடினம் என்பது வள்ளுவரும் அறிந்ததே. எளிதாயின் அதற்கு ஓர் அதிகாரம் வேண்டியதில்லை.

ஊரை விட்டு ஆயிரம் மைல் வந்து இக்காலனியில் குடியிருக்கும் நாம், எதை எதையோ விட்டுவிட்டு வந்தோம். காவிரியை விட்டோம், தாமிரவருணியை விட்டோம். ஊர்த் திருவிழாவும் சொந்த பந்தமும் தூரமாயின. ஆனால் பழம்பகையை மட்டும் பெட்டியில் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்தவர் சிலர் உண்டு. பெரியப்பா வீட்டோடு பேச்சு இல்லை. ஏன் என்று பிள்ளைக்குத் தெரியாது. அத்தை வீட்டுத் திருமணத்திற்குப் போகக் கூடாது. எதற்காக என்று பெண்ணுக்குத் தெரியாது. இங்கே பிறந்து, வங்காளமும் தமிழும் கலந்து பேசி, லேக் மார்க்கெட்டும் துர்க்கா பூசையுமே ஊர் என்று அறிந்த அக்குழந்தைகள், தாம் கண்ணாலும் காணாத ஒரு வரப்புச் சண்டைக்கு வாரிசு ஆகின்றனர். உண்ணும்போதும் உறங்கப்போகும்போதும் நாம் சொல்லும் கதைகளே நம் ஆவிகள். நாம் மறைந்த பின்னும் அவை நள்ளிரவில் எழுந்து வந்து பிள்ளைகளோடு பேசும். பழிவாங்கு என்று பேசுமா, பொறு என்று பேசுமா என்பதை இன்று நாமே முடிவுசெய்கிறோம்.

நிலத்தைப் பிதுரார்ச்சிதமாக விட்டுச் செல்லலாம். வீட்டை விட்டுச் செல்லலாம். இரண்டும் இல்லாதவர் தமிழை விட்டுச் செல்லலாம். அதற்காகத்தானே இச்சங்கம் நிற்கிறது! பகையை மட்டும் நம்மோடு முடித்துக்கொள்வோம். இவ்விழா முடிந்து வீடு திரும்பும் நாம், பேச்சை நிறுத்திய உறவினர் ஒருவருக்கு இன்றிரவே தொலைபேசியில் இரண்டு சொல் பேசினால், ஊருக்கு ஒரு கடிதம் எழுதினால், இந்த அரைமணி நேரம் பயனுடையதாயிற்று என்று மகிழ்வோம். முதலில் பேசுவோர் தாழ்ந்துவிடுவதில்லை. திரௌபதி தாழ்ந்தாளா?

 திரைக்குப் பின்னால் இளைஞர்கள் வேடமிட்டுக் காத்திருக்கின்றனர். அவர்கள் நாடகம் இன்பமாய் முடிவது என்று கேள்வியுற்றோம். நம் குடும்பங்களின் கதைகளும் அவ்வாறே முடிக!

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்! வணக்கம்.